செஸ் தனியாள் ஆட்டம்தானே, அதில் டீம் மேட்ச் என்று நடத்துவதில் என்ன இருக்கிறது? நீங்கள் ஆடியிருக்கிறீர்களா?

ஆடியிருக்கிறேன். பெரிய ஆட்டக்காரன் இல்லை. எங்கள் ஊர் கிளப் அணியின் நான்காம் போர்டு. பலமான ஆள் முதல் போர்டு, அப்படியே வரிசையாக இறங்கும். நாலு பேர் அணியில் நான்காம் போர்டு என்றால் என்ன அர்த்தம் என்று உங்களுக்கே தெரியும்.

முதலில் கணக்கைச் சொல்லிவிடுகிறேன். நாலு பலகையிலும் ஒரே நேரத்தில் ஆட்டம் தொடங்கும். முதல், மூன்றாம் போர்டுக்கு வெள்ளை வந்தால் மற்ற இரண்டுக்கும் கறுப்பு. ஜெயித்தால் 1, டிரா என்றால் அரை. நாலுக்கு இரண்டரை எடுத்துவிட்டால் அணிக்கு வெற்றி, 2 புள்ளி. 4-0 என்று துவைத்து எடுத்தாலும் அதே 2 புள்ளிதான். அதனால் உங்கள் பலகையில் டிரா போதுமா, உயிரைக் கொடுத்து ஜெயிக்க வேண்டுமா என்பதைப் பக்கத்துப் பலகை முடிவு செய்ய ஆரம்பித்துவிடும். தனி டோர்னமெண்டில் இந்தத் தலைவலி கிடையாது.

எங்கள் லீக்கில் ஒருமுறை எதிரணியாக ஒரு பயிற்சி மையத்துப் பிள்ளைகள் வந்தார்கள். எனக்கு எதிரே பத்து வயதுப் பையன். பலகை எட்டவில்லை என்று பிளாஸ்டிக் நாற்காலியை ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு போட்டு உட்கார்ந்திருந்தான். கால் தரையில் படவில்லை. இந்த மாதிரிப் பிள்ளைகளைக் கண்டால்தான் எனக்கு வயிற்றைக் கலக்கும். நாற்பது வயதுக்காரனை நான் சமாளித்துக்கொள்வேன்.

ஆளுக்கு ஒரு மணி நேரம், நகர்த்தலுக்கு 30 வினாடி கூடுதல். இருபது நகர்த்தல் தாண்டியதும் பையன் மெல்லிய குரலில் டிரா கேட்டான். எனக்கு இனித்தது. ஆனால் அணி ஆட்டத்தில் கேப்டனைக் கேட்டுவிட்டுச் சொல்வதுதான் வழக்கம். எங்கள் கேப்டன் ஓய்வுபெற்ற தபால்காரர், மூன்றாம் போர்டிலும் அவரே ஆடினார். நடுவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் கேட்க வேண்டும். கேப்டன் என் பலகையைப் பற்றி ஒரு வார்த்தை பேசக் கூடாது, டிரா வாங்கு, வேண்டாம் என்பதோடு நிறுத்திக்கொள்ள வேண்டும்.

"சார், டிரா கேக்கறான்."

அவர் மற்ற பலகைகளை ஒரு பார்வை பார்த்தார். முதல் போர்டில் எங்கள் கல்லூரிப் பையன் அநேகமாகக் காலி. இரண்டாம் போர்டில் பிளஸ் டூ படிக்கிற பெண் ஒரு சிப்பாய் குறைவில் தவித்துக்கொண்டிருந்தாள். "வேண்டாம் தம்பி, ஆடு."

ஆடினேன். ஜெயித்தே தீருவது என்று தேவையில்லாமல் ராஜாவுக்கு முன்னால் இருந்த சிப்பாயைத் தள்ளி, பத்து நகர்த்தலில் ஒரு சிப்பாயைப் பறிகொடுத்தேன். முதல் போர்டு அதற்குள் தோற்றுவிட்டது.

அப்புறம்தான் வேடிக்கை. இரண்டாம் போர்டில் எதிராளி அவசரத்தில் குதிரையைத் தூக்கிவிட்டு, "ஐயோ" என்று அதே கட்டத்தில் திரும்ப வைத்தான். தொட்ட காயை நகர்த்தியே ஆக வேண்டும். குதிரை நகர்ந்தால் பின்னால் நின்ற ராணி போய்விடும். எங்கள் பெண் வாயே திறக்கவில்லை, நடுவரை நிமிர்ந்து பார்த்தாள், அவ்வளவுதான். அந்தப் பலகை எங்களுக்கு. கேப்டன் விடாமல் செக் கொடுத்துக்கொண்டே இருந்து டிரா வாங்கிவிட்டார். ஒன்றரைக்கு ஒன்றரை. மிச்சம் நான் மட்டும்.

எல்லோரும் என் பலகையைச் சுற்றி வந்து நின்றார்கள். அந்த நேரத்தில் எனக்கு ஞாபகம் வந்தது 2022 மாமல்லபுரம் செஸ் ஒலிம்பியாட், நாடுகள் அணியாக மோதுகிற போட்டி. முதல் எட்டு ஆட்டத்தையும் வரிசையாக ஜெயித்திருந்தார் இந்திய இரண்டாம் அணியின் முதல் போர்டில் ஆடிய 16 வயது குகேஷ். பத்தாம் சுற்றில் உஸ்பெகிஸ்தானோடு மோதியபோது அதே அணியின் பிரக்ஞானந்தா சிந்தாரோவை வீழ்த்த, குகேஷோ ஜெயிக்க வேண்டிய நிலையிலிருந்து அப்துசத்தோரோவிடம் தோற்றார். 2-2. கடைசியில் உஸ்பெகிஸ்தானுக்குத் தங்கம், இந்திய இரண்டாம் அணிக்கு வெண்கலம். முதல் போர்டுக்கான தனிநபர் தங்கம் குகேஷுக்குத்தான் கிடைத்தது, ஆனாலும் அந்தத் தோல்விக்குப் பிறகு அவர் பலகை முன்னால் உடைந்துபோய் உட்கார்ந்திருந்ததுதான் என் கண்ணில் நிற்கிறது. தனக்காகத் தோற்றவன் அப்படி உட்கார மாட்டான்.

சரி, என் கதை. அவனிடம் யானையும் ஒரு சிப்பாயும், என்னிடம் யானை மட்டும். (ரூக்கை எங்கள் பக்கம் யானை என்போம்.) இதற்கு 18ஆம் நூற்றாண்டு பிரெஞ்சு ஆட்டக்காரர் பிலிடோர் பெயரில் ஒரு தற்காப்பு உண்டு. என் ராஜா சிப்பாய்க்கு நேர் எதிரே நிற்க வேண்டும். என் யானை, அவன் பக்கமிருந்து எண்ணினால் ஆறாவது வரிசையைக் காக்க வேண்டும், அவன் ராஜா அந்தக் கோட்டுக்குள் வர முடியாது. பொறுக்க மாட்டாமல் அவன் சிப்பாயை அந்த வரிசைக்குத் தள்ளியதும், யானையை ஒரே ஓட்டமாக அவன் பக்கத்துக் கடைசி வரிசைக்குக் கொண்டுபோய், அவன் ராஜாவுக்குப் பின்னாலிருந்து செக், செக், செக். ஒளிய இடமே இருக்காது.

படித்தது எல்லாம் சரி. அடுத்த ஒரு மணி நேரம் கை நடுங்கியது. 30 வினாடி கூடுதல் இருப்பதால் கடைசி வரை நகர்த்தலை எழுதியாக வேண்டும், அந்தத் தாளை இப்போது பார்த்தால் எனக்கே என் கையெழுத்து புரிவதில்லை. பையன் சிப்பாயைத் தள்ளினான். நான் யானையை ஓட்டினேன். ஏழெட்டு செக் வாங்கிய பிறகு அவனே கையை நீட்டினான். 2-2.

கை கொடுத்த கையோடு காய்களைப் பின்னுக்கு நகர்த்தி, "அங்கிள், உங்க யானை இங்க வர்றதுக்கு முன்னாடியே நான் ராஜாவை ஆறாவது வரிசைக்குக் கொண்டுவந்திருந்தா நீங்க காலி" என்றான். உண்மைதான். அவன் அம்மா டிபன் டப்பாவைத் திறந்துகொண்டு வெளியிலிருந்து கூப்பிட்டுக்கொண்டிருந்தார்.

டீக்கடையில் கேப்டனிடம் சொன்னேன்: "அப்பவே டிரா வாங்கியிருந்தாலும் 2-2தான் சார். சும்மா ரெண்டு மணி நேரம் என்னைச் சாகடிச்சீங்க."

"அப்ப நிலவரம் வேற தம்பி" என்றார். டீக்குக் காசு மட்டும் அவரே கொடுத்தார்.