சருகுக் குவியலும் ஆசீர்வாத ஜெபமும்

கேள்வி: எங்கள் சபையில் ஆராதனை முடிந்ததும் எல்லோருக்கும் சாப்பாடு உண்டு. தூக்கியெறியும் தட்டு, டம்ளர், மீந்த உணவு எல்லாம் ஒரே மூட்டையில் குப்பைக்குப் போகிறது. வளாகத்துச் சருகைக் கூட்டிக் கொளுத்திவிடுகிறார்கள். இதை மாற்றலாமே என்று கமிட்டியில் கேட்டேன். "பூமி எப்படியும் அக்கினிக்கு இரையாகப் போகிறது, ஆத்தும ஆதாயத்தைப் பாரம்மா" என்றார் ஒரு பெரியவர். அவருக்கு என்ன பதில் சொல்வது? எதில் தொடங்குவது?

பதில்: அன்பான சகோதரிக்கு,

அந்தப் பெரியவர் மனதில் இருப்பது 2 பேதுரு 3:10. அவரோடு உட்கார்ந்து நான்கு வசனம் முன்னாலிருந்து வாசியுங்கள். அன்றிருந்த உலகம் ஜலப்பிரளயத்தால் அழிந்தது என்கிறார் பேதுரு. ஆனாலும் நோவா பேழையை விட்டு இறங்கியது இதே பூமியில்தான். பழமையான கிரேக்கப் பிரதிகள் சிலவற்றில், 10ஆம் வசனத்தில் பூமி "எரிந்து அழிந்துபோம்" என்று நாம் வாசிக்கும் இடத்தில் "கண்டறியப்படும்" என்ற பொருளுள்ள சொல் இருக்கிறது. எப்படி வாசித்தாலும், அடுத்த வசனம் நம் நடக்கையைப் பற்றித்தான் கேட்கிறது. நியாயத்தீர்ப்பு வருகிறது என்பது அசட்டையாக இருக்கக் கிடைத்த அனுமதிச்சீட்டு ஆகாது.

ஆதியாகமம் 2:15இல் மனுஷனைத் தோட்டத்தில் வைத்தது அதைப் "பண்படுத்தவும் காக்கவும்". இங்கே "காக்க" என்பதற்கு எபிரெயத்தில் ஷாமார் என்ற வினைச்சொல் வருகிறது. எண்ணாகமம் 6:24இல் ஆசாரியர் கூறும் ஆசீர்வாதத்தில் "உன்னைக் காக்கக்கடவர்" என்பதும் அதே சொல்தான். பண்படுத்துவது, காப்பது என்ற அந்த இரண்டு வினைகளும் எண்ணாகமம் 3ஆம் அதிகாரத்தில் ஆராதனைக் கூடாரமான ஆசரிப்புக்கூடாரத்தில், அந்த ஊழியத்துக்கென்றே பிரிக்கப்பட்ட லேவியர் செய்யும் பணிக்கும் வருகின்றன. கர்த்தர் நம்மைக் காக்கவேண்டும் என்று வாரந்தோறும் தலைகுனிந்து கேட்கிறோம். அதே சொல்லால் நம்மிடம் ஒப்படைத்ததை மட்டும் எப்படிக் கைவிடுவது?

"ஆண்டுகொள்ளுங்கள்" என்று ஆதியாகமம் 1:28இல் இருக்கிறதே என்று யாராவது கேட்பார்கள். மந்தையைக் கொடூரமாய் ஆண்ட மேய்ப்பர்களை எசேக்கியேல் 34:4 கண்டிக்கிறது. அங்கே வருவதும் அதே வினைச்சொல். ஆளச் சொன்னவரே ஆளுகைக்குக் கணக்கும் கேட்கிறார்.

இனி வேலைக்கு வருவோம். சருகையும் மீந்த சாப்பாட்டையும் சேர்த்தால் உரம். எனவே முதலில் கொளுத்துவதை நிறுத்தி, சருகை மூட்டைகளில் சேருங்கள். நீளம், அகலம், உயரம் ஒவ்வொன்றும் ஒரு மீட்டர் இருக்கும்படி காற்று புகும் கூண்டு ஒன்று போதும். அதைவிடச் சிறிதானால் குவியலில் சூடு நிற்காது. அடியில் ஒரு சாண் உயரத்துக்குச் சுள்ளி. அதன்மேல் ஒரு வாளி காய்கறிக் கழிவுக்கு மூன்று வாளி சருகு என்று அடுக்குங்கள். மேலே எப்போதும் சருகுதான் தெரியவேண்டும். உணவு வெளியே தெரிந்தால் ஈ மொய்த்துப் புழு வைக்கும். கையில் எடுத்துப் பிழிந்தால் ஓரிரு சொட்டு நீர் வருவது சரியான ஈரம். வாரம் ஒருமுறை கிளறிவிடுங்கள்.

அழுகிய முட்டை நாற்றம் வந்தால் உள்ளே காற்றில்லை: கிளறி, சருகைக் கூட்டுங்கள். மூக்கைக் குத்தும் அமோனியா நெடி வந்தால் ஈரக் கழிவு அதிகம். எறும்பு கூடு கட்டினால் காய்ந்துவிட்டது, தண்ணீர் தெளியுங்கள். இறைச்சி, எலும்பு, எண்ணெய்ப் பதார்த்தம் வேண்டாம், எலி வரும். பளபளப்பான காகிதத் தட்டையும் போடாதீர்கள், அதன்மேல் பிளாஸ்டிக் பூச்சு இருக்கிறது. ஏறக்குறைய மூன்று நான்கு மாதத்தில் குவியலின் சூடு தணிந்து, மண்வாசனை வந்து, போட்ட பொருள் எதுவென்று தெரியாமல் கறுத்திருந்தால் உரம் தயார்.

தட்டு விஷயம் இதைவிடக் கடினம். கழுவிப் பயன்படுத்தும் தட்டு வாங்குவது எளிது. யார் கழுவுவது என்று முடிவு செய்யாமல் வாங்கும் சபைகளில்தான் சில வாரங்களில் தூக்கியெறியும் தட்டு திரும்பி வருகிறது. அல்லது முழு வேலையும் பெண்கள் தலையில் விழுகிறது. வாங்குவதற்கு முன்பே ஆண்கள், வாலிபர் எல்லோரும் வரும்படி முறைப்பட்டியல் போடுங்கள். மிச்சத்தை வழித்துப்போட ஒரு வாளி, சோப்புத் தண்ணீர், நல்ல தண்ணீர் என மூன்று பாத்திரங்கள் வரிசையாக இருந்தால் அவரவர் தட்டை அவரவரே கழுவிவிடலாம். தட்டை வழிக்காமல் முக்கினால் சோப்புத் தண்ணீர் பத்து நிமிடத்தில் கெட்டுவிடும் என்பதை மறக்கவேண்டாம்.

மரம் நடும் விழா வேண்டும் என்று யாராவது சொன்னால், இரண்டு வருடம் தண்ணீர் ஊற்ற ஆள் இருக்கும் அளவுக்கு மட்டும் நடுங்கள்.

கமிட்டியில் மறுபடி பேசுவதற்கு முன் நான்கு ஞாயிறு குப்பை மூட்டைகளை எடைபோட்டு எழுதிவையுங்கள். அந்தத் தாளோடு போய், வளாகத்தில் ஒரு மூலையும் மூன்று மாத அவகாசமும் மட்டும் கேளுங்கள். அந்தப் பெரியவருக்குத் தோட்டப் பழக்கம் இருந்தால், கூண்டு வைக்க ஏற்ற இடம் எது என்று அவரிடமே கேளுங்கள்.