பழைய பிக்கப்புக்கு நாமே சர்வீஸ் செய்யலாமா?

கேள்வி: ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டுக்குக் காய்கறி ஏற்றிப்போக 2012 மாடல் பொலிரோ பிக்கப் ஒன்றை செகண்ட் ஹேண்டில் வாங்கினேன். நானே ஓட்டுகிறேன். மெக்கானிக் கடைக்குப் போனாலே ஐயாயிரம், ஆறாயிரம் என்று போய்விடுகிறது. எந்தெந்த வேலையை நானே செய்துகொள்ளலாம்?

பதில்: நிறையவே செய்யலாம். ஆயில், கூலன்ட், கிரீஸ், ஃபில்டர், பெல்ட், பேட்டரி எல்லாம் உங்கள் கை வேலை. பிரேக், ஸ்டீயரிங், டீசல் பம்ப், இன்ஜெக்டர் இந்த நான்கிலும் கை வைக்காதீர்கள்.

பழைய ஓனர் எதை எப்போது மாற்றினார் என்று உங்களுக்குத் தெரியாது. அதனால் முதலில் எல்லா ஆயிலையும் ஒரு தடவை மாற்றிவிடுங்கள். கிலோமீட்டரை ஒரு நோட்டில் எழுதி, பில்லையும் அதிலேயே ஒட்டி வையுங்கள். என்ஜின் ஆயிலை எல்லோரும் மாற்றுவார்கள். கியர் ஆயிலையும், பின் ஆக்ஸிலின் நடுவில் உள்ள கிரவுன் பல்சக்கரத்துக்கான ஆயிலையும்தான் வருஷக்கணக்கில் மறந்துவிடுவார்கள். எந்த கிரேடு, எத்தனை லிட்டர் என்பதை வண்டியின் மேனுவலில் பாருங்கள், கடைக்காரர் சொல்வதை மட்டும் நம்பி வாங்க வேண்டாம்.

கிரவுன் ஆயிலை இறக்கும்போது கீழே உள்ள பிளக்கைத் தொடுவதற்கு முன் மேலே ஊற்றும் பிளக் கழல்கிறதா என்று பாருங்கள். பழைய வண்டியில் அது துருப்பிடித்து இறுகியிருக்கும். ஆயிலை இறக்கிய பிறகு மேல் பிளக் கழலாவிட்டால் வண்டியை நகர்த்தவே முடியாது. கழற்றிய பிளக்கைத் துடைத்துப் பாருங்கள். மை மாதிரி நைஸான இரும்புத்தூள் இருந்தால் பயமில்லை, செதில் செதிலாக இருந்தால் உள்ளே பல் தேய்கிறது. என்ஜின் ஆயில் வெளுத்துக் கலங்கியிருந்தால் தண்ணீர் கலக்கிறது என்று அர்த்தம். அதற்கு மேல் வண்டியை ஓட்டாமல் மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள். இறக்கிய பழைய ஆயிலைச் சாக்கடையிலோ தோட்டத்திலோ ஊற்றாமல் கேனில் பிடித்து, கழிவு ஆயில் வாங்கும் சர்வீஸ் ஸ்டேஷனில் கொடுங்கள்.

டீசல் ஃபில்டருக்கு அடியில் ஒரு திருகு இருக்கும். அதைக் கொஞ்சம் தளர்த்தி ஒரு கண்ணாடி பாட்டிலில் பிடித்தால் தண்ணீர் அடியில் தனியாக நிற்பது தெரியும். சுத்தமான டீசல் வரும்வரை விட்டு மூடுங்கள். மழைக்காலத்தில் இதை அடிக்கடி செய்ய வேண்டும், தண்ணீர் உள்ளே போனால் பம்ப்பும் இன்ஜெக்டரும் கெடும். ஃபில்டரையே மாற்றினால் உள்ளே புகுந்த காற்றை வெளியேற்றாமல் (ஏர் எடுக்காமல்) வண்டி ஸ்டார்ட் ஆகாது. மேலே உள்ள ஏர் ஸ்குருவைத் தளர்த்தி, கைப்பம்ப்பை அடித்துக்கொண்டே இருங்கள். முதலில் நுரையும் குமிழியுமாக வரும், குமிழி நின்று டீசல் மட்டும் வந்ததும் ஸ்குருவை இறுக்குங்கள்.

கியர் போட்டு கிளட்சை விடும்போது அடியில் 'டக்' என்று கேட்டால் கியர்பாக்ஸிலிருந்து பின் ஆக்ஸிலுக்குப் போகும் ப்ரொப்பல்லர் ஷாஃப்ட்டின் கிராஸை, அதாவது முனையில் உள்ள சிலுவை வடிவ இணைப்பைச் சந்தேகப்படலாம். சமதளத்தில் சக்கரங்களுக்குக் கட்டை வைத்து, என்ஜினை நிறுத்தி, ஷாஃப்ட்டைக் கையால் முறுக்கிப் பாருங்கள். ஆட்டம் இருந்தால் கிராஸை மாற்ற வேண்டும். ஆட்டம் இல்லையென்றால் கிரீஸ் போதும். கிராஸின் நான்கு முனையிலும் உள்ள கப்பில் பழைய கிரீஸ் வெளியே வரும்வரை கிரீஸ் கன்னை அடியுங்கள். ஏதாவது ஒன்றில் வராவிட்டால் அந்தப் பக்கம் அடைத்திருக்கிறது.

ரேடியேட்டரில் போர் தண்ணீர் ஊற்றவே கூடாது, உப்பு படிந்து அடைத்துவிடும். சூடாக இருக்கும்போது மூடியைத் திறப்பதும் கூடாது.

ஒன்றை மட்டும் கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன். வெறும் ஜாக்கியை நம்பி வண்டிக்கு அடியில் படுக்காதீர்கள். ஹாலோ பிளாக் கல்லை முட்டுக்கொடுப்பதும் ஆபத்து, அது சொல்லாமல் நொறுங்கும். முதலில் ஒரு ஜோடி ஜாக்கி ஸ்டாண்ட் வாங்குங்கள், ஸ்பேனர் செட்டெல்லாம் அப்புறம்தான்.

பிரேக்கை ஏன் விடச் சொல்கிறேன்? பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொள்ளும். லோடோடு பழனி வழியாகக் கொடைக்கானல் ஏறி, இறங்கும்போது பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்தால் அந்த ஈரம் கொதித்து ஆவியாகும், பெடல் அப்படியே உள்ளே போய்விடும். அதனால் இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை தெரிந்தவரிடம் கொடுத்து மாற்றுங்கள். டப்பாவில் லெவல் பார்ப்பது மட்டும் உங்கள் வேலை. கசிவே இல்லாமல் லெவல் இறங்கினால் பெரும்பாலும் பிரேக் லைனிங் தேய்ந்திருக்கும்.

எட்டு வருஷம் தாண்டிய சரக்கு வண்டிக்கு எஃப்.சி. (தகுதிச் சான்று) வருஷா வருஷம். ஹேண்ட்பிரேக், லைட், ஹாரன், ரிஃப்ளெக்டர் ஸ்டிக்கர் ஆகியவற்றை முன்கூட்டியே பார்த்து வைத்தால் ஒரு நடை மிச்சம்.

கேள்வி: ஒரிஜினல் என்று சொல்லி விற்ற கிளட்ச் பிளேட் ஒரே வாரத்தில் போய்விட்டது. கடைக்காரர் பில் தரவில்லை, 'விற்ற பொருள் திரும்ப வாங்க மாட்டோம்' என்கிறார். மஞ்சள் போர்டு வண்டிக்கு நுகர்வோர் கோர்ட் கிடையாது என்கிறார்களே?

பதில்: அப்படி இல்லை. வியாபாரத்துக்காக வாங்கியவர் நுகர்வோர் ஆகமாட்டார் என்பது பொது விதி. ஆனால் சுயதொழில் செய்து பிழைக்க மட்டுமே வாங்கிப் பயன்படுத்துகிறவருக்கு 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் விலக்கு தருகிறது. லக்ஷ்மி இன்ஜினியரிங் வழக்கில் 1995-இல் உச்ச நீதிமன்றம் இதை விளக்கியது: லாரி வாங்கித் தானே ஓட்டிப் பிழைப்பவர் நுகர்வோர்தான், முழுக்க முழுக்க வேறொருவரை வைத்து ஓட்டுபவர் அப்படி இல்லை. நீங்களே ஓட்டினால் உரிமம், ஆர்.சி. நகலோடு புகாரில் அதைத் தெளிவாக எழுதுங்கள்.

பில் தராததே அந்தச் சட்டப்படி முறையற்ற வணிகம். திரும்பக் கொடுப்பதற்கான கெடுவைப் பில்லில் போடாத பட்சத்தில், குறையுள்ள பொருளை 30 நாளுக்குள் திரும்ப வாங்கிப் பணம் தர மறுப்பதும் அப்படியே. ஜிபே ரசீது, அட்டைப்பெட்டி, கழற்றிய பிளேட், மெக்கானிக் எழுதித் தரும் குறிப்பு எதையும் தூக்கிப்போட வேண்டாம். முதலில் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்கு போன் செய்யுங்கள். நடக்கவில்லையென்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். பொருளுக்குக் கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணம் இல்லை, இரண்டு வருஷத்துக்குள் போட வேண்டும், இ-ஜாக்ரிதி தளத்தில் வீட்டிலிருந்தே பதியலாம்.

கேள்வி: பின்னால் கூடுதலாக ஸ்பிரிங் பட்டை போட்டால் லோடு கூட ஏற்றலாமா?

பதில்: கூடாது. பட்டை தாங்கினாலும் ஆக்ஸிலும் டயரும் பிரேக்கும் பழையதுதானே. ஆர்.சி.யில் உள்ள எடையும் மாறாது. பிடிபட்டால் அபராதம் 20,000 ரூபாய், கூடுதலான ஒவ்வொரு டன்னுக்கும் மேலும் 2,000. பட்டை உடைந்திருந்தால் அதே கனத்தில் மாற்றுங்கள். மாற்றிக் கொஞ்ச தூரம் லோடோடு ஓடிய பிறகு பட்டையை ஆக்ஸிலோடு பிடிக்கும் யூ போல்ட் நட்டுகளைக் கண்டிப்பாக ஒருமுறை மறுபடி இறுக்க வேண்டும்.