ஆர்சி பிளேன் (ரிமோட்ல ஓட்டுற குட்டி விமானம்) கிளப்புல போய் அப்படி என்னதான் பண்ணுவாங்க?
பறக்க விடுறத விட ஒடஞ்சத ஒட்டுறதுதாங்க அதிகம். நாங்க பொள்ளாச்சி தாண்டி கோபாலபுரம் பக்கம், கேரளா பார்டர் ஒட்டி, அறுவடை முடிஞ்ச காட்டுல கூடுவோம். பாலக்காட்டு கணவாய் காத்து ஜூன்ல ஆரம்பிச்சா ஃபோம் பிளேன் பட்டம் மாதிரி பின்னாடியே போகும், அதனால விடியக்காலைலயே வந்துருவோம். புதுசா வர்றவங்களுக்கு ரெண்டு ரிமோட்ட இணைச்சு ஒண்ண குடுப்போம், தடுமாறுனா சொல்லிக்குடுக்குற அண்ணன் சுவிட்ச விட்டதும் கண்ட்ரோல் அவர் கைக்கு வந்துரும்.

ஏத்துறதுக்கு முன்னாடி ரிமோட் ஸ்டிக்க வலது பக்கம் தள்ளிப் பாருங்க, வலது றெக்கையோட பின் ஓரத்துல அசையுற தகடு, அதான் ஏலரான், மேல தூக்கணும், நான் ஒருதடவ ரிமோட்ல ரிவர்ஸ் ஆகிக் கெடந்தத பாக்காம விட்டு தென்னமரத்துல சொருகிட்டேன், எளநி வெட்ட வந்த சேட்டன்தான் ஏறி எடுத்துக் குடுத்தாரு. அப்புறம் மூணு செல் லிப்போ (லித்தியம் பாலிமர்) பேட்டரி ஃபுல் சார்ஜ்ல 12.6 வோல்ட், அப்படியே வாரக்கணக்குல வீட்ல போட்டா உப்பிரும், செல்லுக்கு 3.8 வோல்ட்டுல வைங்க.