65 தாண்டின அம்மா டான்ஸ் ஆடலாமா, முழங்கால் தாங்குமா?

ஓம், தாராளமா ஆடலாம். நடக்கிறதும் நல்லதுதான், ஆனா டான்ஸில காலை பக்கவாட்டில வைக்கோணும், திரும்போணும், அடுத்த ஸ்டெப்பையும் ஞாபகம் வச்சிருக்கோணும், அதால பேலன்ஸும் மூளையும் சேர்ந்தே வேலை செய்யுது, இந்த வயசில விழுறதுதானே பெரிய பயம். 65க்கு மேல கிழமைக்கு 150 நிமிஷமாவது மிதமான உடற்பயிற்சி, 3 நாள் பேலன்ஸ் பயிற்சி எண்டு உலக சுகாதார நிறுவனம் சொல்லுது, டான்ஸ் ரெண்டுக்கும் உதவும். முழங்கால் நோ இருந்தா அரைமண்டியும் (முழங்காலை மடிச்சுப் பாதி குந்தி நிக்கிறது) குதிக்கிறதும் வேண்டாம், பைலா எண்ட இலங்கைத் துள்ளல் பாட்டைப் போட்டு மெதுவா காலை மாத்தி மாத்தி வச்சாலே காணும். ஆடிக்கொண்டே கதைக்க ஏலும், பாட ஏலாது, அந்தளவு மூச்சு வாங்கினா சரியான வேகம். வீட்டு டைல்ஸ் தரையில சொக்ஸோட மட்டும் ஆட விடாதீங்கோ, வழுக்கும், ரப்பர் அடி வச்ச சப்பாத்து போடச் சொல்லுங்கோ. நெஞ்சு நோவோ தலைசுத்தோ வந்தா உடனே நிப்பாட்டி டொக்டரிட்ட காட்டுங்கோ.