எந்த ஓய்வு?

கேள்வி: விமானிகளுக்கு 65 வயதில் கட்டாய ஓய்வு. அதை 67 ஆக்கச் சொல்லி 2025இல் விமான நிறுவனங்களின் சர்வதேசச் சங்கம் கேட்டது. வயதானவர் ஓட்டும் விமானத்தில் நம்பி ஏறலாமா?

பதில்: ஏறலாம். ஆனால் 'ஓய்வு' என்ற சொல்லுக்கு நம் மொழியில் இரண்டு பொருள். நீங்கள் கேட்பது பணி ஓய்வு. என் கவலை உறக்கம்.

வயது வரம்பு பிறந்ததே, ஓட்டும்போது மாரடைப்பு வந்துவிடுமோ என்ற பயத்தில். 1960இல் அமெரிக்கா 60 என்று வைத்தது. 2006இல் சர்வதேச சிவில் விமான அமைப்பு 65 ஆக்கியது. அந்தப் பயத்துக்குக் காக்பிட்டிலேயே மருந்து உண்டு. அறுபதைத் தாண்டியவருக்கு ஆறு மாதத்துக்கு ஒரு மருத்துவப் பரிசோதனை. இரண்டு முறை கூப்பிட்டும் கேப்டன் பதில் சொல்லாவிட்டால் துணை விமானி விமானத்தைத் தன் கைக்கு எடுத்துக்கொள்வார், ஆட்டோபைலட்டைச் சரிபார்ப்பார், கேபின் ஊழியரை அழைப்பார். மயங்கியவர் கண்ட்ரோல் மீது சரியாதபடி தோள்வாரை இறுக்கிப் பூட்டி, இருக்கையைப் பின்னுக்குத் தள்ளுவார்கள். பிறகு 'மேடே' என்ற அபாய அறிவிப்பு. 2009இல் பிரஸ்ஸல்ஸிலிருந்து நியூவர்க் சென்ற கான்டினென்டல் விமானத்தில் 60 வயது கேப்டன் நடுவானில் இறந்தார். 247 பயணிகளும் பத்திரமாக இறங்கினார்கள்.

தூக்கத்துக்கு இந்த மருந்து கேட்காது. பக்கத்து இருக்கைக்காரரும் அதே களைப்போடு வந்திருக்கலாம். பின்னிரவு 2 முதல் 6 வரை உடம்பு சோர்வது இருவருக்கும் பொது. 2024 ஜனவரியில் இந்தோனேசியாவின் பாதிக் ஏர் விமானத்தில் இரண்டு விமானிகளும் 28 நிமிடம் ஒருசேரத் தூங்கினார்கள். விமானம் பாதை விலகியது. கேப்டனுக்கு வயது 32, துணை விமானிக்கு 28!

2010இல் மங்களூரில் விபத்துக்குள்ளான ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் விமானத்தின் கேப்டனுக்கு 55. ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் தூங்கி, தரையிறக்கத்துக்குச் சற்றுமுன் விழித்தார். அந்த அரைத்தூக்கத்தில் உயரமும் வேகமும் புத்தியில் ஏறாது. மேலே கிளம்பச் சொன்ன துணை விமானியின் பேச்சும் எடுபடவில்லை. 158 உயிர்கள்.

வாராந்திர ஓய்வு 36 மணியிலிருந்து 48, இரவுத் தரையிறக்கம் ஆறிலிருந்து இரண்டு என்று நம் நாட்டு விமானப் போக்குவரத்தைக் கண்காணிக்கும் அரசு அமைப்பான டிஜிசிஏ 2024 ஜனவரியிலேயே விதி எழுதியது. நிறுவனங்கள் இழுத்தடித்தன. 2025 டிசம்பரில் இண்டிகோ ஆயிரக்கணக்கான விமானங்களை ரத்து செய்ததும் இரவுப் பணி விதிக்கு விலக்கு கொடுத்தார்கள். போதிய ஆளைச் சேர்க்காதது நிறுவனத்தின் தவறு. அதற்காக விமானியின் தூக்கத்தில் கைவைத்தது அரசின் தவறு.