ஹோட்டலில் நண்டு, இறால் சாப்பிடும்போது எதிர்பாராத ஏதாவது தட்டில் வந்ததுண்டா?

நண்டைப் பிளந்ததும் ஓட்டுக்குள் ஆரஞ்சு நிறத்தில் கட்டியாக ஏதோ இருந்தது, பயந்து அப்படியே வைத்துவிட்டேன் என்று கேள்வியில் எழுதியிருக்கிறீர்கள். நீங்கள் அநேகமாகக் கடலோரத்துக்காரர் இல்லை. வேளாங்கண்ணிக்கோ காரைக்காலுக்கோ வந்த இடத்தில் சாப்பிட்டிருப்பீர்கள். அது சினை. வெளியே வராத முட்டை அப்படித்தான் இருக்கும். எங்கள் வீட்டில் அதற்குச் சண்டையே நடக்கும்.

சினை மட்டுமல்ல, பார்த்தால் பயம் வரும் இன்னும் சிலவும் உண்டு. ஓட்டைக் கழற்றினால் இரண்டு பக்கமும் சாம்பல் நிறத்தில் விரல் விரலாக இருப்பது செவுள். சுத்தம் செய்யும்போதே எடுத்திருக்க வேண்டும், எடுக்காதது சமையல்காரர் சோம்பல். இறால் முதுகில் ஓடும் கறுப்பு நரம்பு அதன் குடல். சில இறாலுக்குத் தலையின் ஒரு பக்கம் மட்டும் புடைத்திருக்கும்; உள்ளே ஓர் ஒட்டுண்ணி இருக்கும், வெந்துவிட்டால் மனிதருக்கு ஒன்றும் செய்யாது. நண்டுக் காலை உடைத்தால் சதையே இல்லாமல் தண்ணீர் வழிகிறதா? அது அப்போதுதான் ஓடு மாற்றிய நண்டு. காசு போச்சு, அவ்வளவுதான்.

கண்ணுக்குத் தெரிகிற எதுவும் பெரிய விஷயமில்லை என்பதற்காகத்தான் இவ்வளவும் சொன்னேன். தெரியாமல் வருவதுதான் ஆளைக் கொல்லும். அதைச் சொல்லத்தான் இந்தப் பதிலை எழுத உட்கார்ந்தேன்.

என் அக்கா மகளுக்கு இறால், நண்டு இரண்டுமே ஆகாது. ஒருமுறை இறால் வறுவல் தின்று உடம்பெல்லாம் தடித்துப்போய், டாக்டர் இனி தொடவே கூடாது என்று சொல்லிவிட்டார். மீன் அவளுக்கு ஒத்துக்கொள்ளும். மீன் வேறு, இது வேறு. இறால், நண்டின் சதையில் இருக்கும் டிரோபோமயோசின் என்ற புரதம்தான் இந்த அலர்ஜிக்கு முக்கியக் காரணம். வேகவைத்தாலும் பொரித்தாலும் காயவைத்தாலும் அது அழியாது.

அவள் ஐந்தாம் வகுப்பு படிக்கும்போது வேளாங்கண்ணித் திருவிழாவுக்குப் போயிருந்தோம். திரும்பும் வழியில் ரோட்டோர மெஸ் ஒன்றில் மீன் சாப்பாடு. பரிமாறிய பையனிடம் அக்கா முதலிலேயே கேட்டாள்: "தம்பி, பாப்பாவுக்கு இறால் ஒத்துக்காது. எதுலயாச்சும் போட்டிருக்கீங்களா?" அவன் உள்ளே போய்க் கேட்டுவிட்டு வந்து, "இல்லக்கா, இறால் தொக்கு தனியா இருக்கு. மத்ததுல எதுவும் இல்ல" என்றான்.

சோறு, மீன் குழம்பு, ரசம், கத்தரிக்காய்ப் பொரியல். பாதிச் சாப்பாட்டில் அவள் நாக்கைப் பல்லால் தேய்த்துக்கொண்டு, "சித்தி, வாயெல்லாம் அரிக்குது" என்றாள். மீன் முள் குத்தியிருக்கும் என்றார் மாமா. கீழுதடு என் கண்ணெதிரே வீங்கியது. கழுத்தில் திட்டுத்திட்டாகச் சிவப்பு. அவள் இலையில் இருந்த கத்தரிக்காயை விரலால் பிதுக்கிப் பார்த்தேன். மசாலாவோடு மசாலாவாக நகக்கண் அகலம்கூட இல்லாத, சுருண்ட, வெளிறிய துணுக்குகள். ஒவ்வொன்றிலும் கறுப்பாக ஒரு புள்ளி. அது கண். சென்னாங்குன்னி! காயவைத்த பொடி இறால்.

சமைத்த அம்மா ஓடிவந்தார். "அது சென்னாங்குன்னி தானேம்மா, வாசத்துக்கு ஒரு கை போடுவோம். இறால் அந்தச் சட்டியிலதான் இருக்கு" என்று அழாத குறையாகச் சொன்னார். அவர் பொய் சொல்லவில்லை. நாகை, நாகூர், தரங்கம்பாடிப் பக்கம் அதை உப்பு, புளி மாதிரி எண்ணித்தான் போடுவார்கள். கத்தரிக்காயில், வாழைக்காயில், துவையலில், சில வீடுகளில் பொடியாக இடித்தும்.

அதற்குள் அவளுக்கு மூச்சு இழுக்க ஆரம்பித்துவிட்டது. பக்கத்து மேசைக்காரர் அவில் மாத்திரை கொடுங்கள் என்றார். நல்ல மனதோடுதான் சொன்னார். ஆனால் தொண்டை அடைக்கும்போது அவில் காப்பாற்றாது. அட்ரினலின் ஊசிதான் முதலில் போட வேண்டும், தொடையில். அரசு மருத்துவமனையில் பணியிலிருந்த டாக்டர் ஒரு கேள்விகூடக் கேட்டு நேரத்தை வீணாக்காமல் அதைத்தான் போட்டார். கொஞ்ச நேரத்தில் மூச்சு சீரானது. சில மணி நேரம் கழித்து மறுபடி வரலாம் என்று ராத்திரி முழுக்க அங்கேயே வைத்துப் பார்த்துக்கொண்டார்கள்.

கடலோரச் சமையலைக் குறை சொல்கிறேன் என்று யாரும் சண்டைக்கு வர வேண்டாம். சென்னாங்குன்னி போட்ட கத்தரிக்காய்க்கு ஈடு எனக்கு எதுவும் இல்லை, இன்றும் சாப்பிடுகிறேன். "எங்கள் காலத்தில் அலர்ஜியெல்லாம் ஏது, எல்லாம் செல்லம் கொடுத்து வளர்ப்பது" என்று எழுதக் காத்திருப்பவர்களுக்கு: அந்தப் பிள்ளையின் உதடு நீலம் பாய்ந்ததை நான் பார்த்தேன். அதற்கு மேல் வாதம் செய்ய எனக்குத் தெம்பில்லை.

உங்கள் வீட்டில் யாருக்காவது ஆகாதென்றால், "இறால் இருக்கா" என்று மட்டும் கேட்காதீர்கள். பொரியல், துவையல், பொடி என்று ஒவ்வொன்றாகச் சொல்லி, சென்னாங்குன்னி சேர்த்தீர்களா என்று சமைத்தவரிடமே கேளுங்கள். மீன் பொரித்த எண்ணெயில் இறாலும் பொரித்தார்களா என்பதும் முக்கியம். மூச்சு இழுத்தால் மோர், எலுமிச்சை என்று பார்த்துக்கொண்டிருக்காமல் 108-ஐக் கூப்பிடுங்கள்.

கேள்விக்குச் சம்பந்தமில்லை, ஆனாலும் சொல்லிவிடுகிறேன். இறாலால் எங்களுக்கு வந்த வயிற்றெரிச்சல் இது ஒன்றல்ல. சீர்காழிப் பக்கம் அப்பாவின் நிலத்தை ஒட்டி இறால் குட்டை வெட்டினார்கள். உப்புத் தண்ணீர் கசிந்து கசிந்து கிணறு கரித்துப்போனது, நாற்று பிடிக்கவில்லை. இந்தப் பண்ணைகளை எதிர்த்துத்தான் காந்தியவாதி ஜெகந்நாதன் உச்ச நீதிமன்றம் வரை போனார். அவர் மனைவி கிருஷ்ணம்மாள் அம்மா ஊர் ஊராகப் பெண்களைத் திரட்டினார். 1996 டிசம்பரில் தீர்ப்பும் சாதகமாக வந்தது. ஆனால் 2005-இல் தனிச்சட்டம் கொண்டுவந்து பண்ணைகளுக்கு வழிவிட்டார்கள். 2009-க்குப் பிறகு வன்னாமி என்ற வெளிநாட்டுப் பண்ணை இறாலும் வந்து சேர்ந்தது. அப்பா நிலத்தை விற்கவும் முடியாமல் உழவும் முடியாமல் வைத்திருக்கிறார்.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடை என்பதால் நம் கரையில் விசைப்படகுகள் கடலுக்குப் போவதில்லை. அந்த நாட்களில் ஒரு மெஸ்ஸில், பண்ணையில் வளர்த்தது மாதிரி ஒரே அளவு இறாலாக அடுக்கிவைத்துக் கடல் இறால் என்றார்கள். எந்தக் கரையில் வாங்கினீர்கள் என்று கேட்டேன். பதில் வரவில்லை. நீங்களும் கேளுங்கள்.