சின்னக் கீறலுக்கும் ஊசி போட வேண்டுமா?

கேள்வி: வீட்டில் மூன்று மாத நாய்க்குட்டியும் ஒரு பூனையும் வளர்க்கிறோம். விளையாடும்போது குட்டியின் பல் என் 7 வயது மகனின் முன்கையில் பட்டு, இரண்டு புள்ளி அளவுக்கு ரத்தம் வந்தது. துணியால் துடைத்துவிட்டோம். ஆறு நாள் ஆகிறது, காயமும் காய்ந்துவிட்டது. குட்டிக்கு இன்னும் தடுப்பூசி போடவில்லை. "குட்டி நாய்தானே, ஒன்றும் ஆகாது" என்கிறார் மாமியார். நான் ஐந்து மாதக் கர்ப்பிணி. பூனையை யாரிடமாவது கொடுத்துவிடச் சொல்கிறார்கள். என்ன செய்வது?

பதில்: முதலில் மகனுக்கு இன்றே ரேபிஸ் (வெறிநாய்க்கடி நோய்) தடுப்பூசி போடுங்கள். பதில் வெளியாகும்வரை காத்திருக்கக் கூடாது என்பதால் இதை மட்டும் உங்களுக்கு உடனே தனியாக எழுதி அனுப்பிவிட்டேன். மற்றவர்களுக்கும் பயன்படும் என்பதால் காரணத்தை இங்கே விளக்குகிறேன்.

ரேபிஸ் கிருமி ரத்தத்தில் கலந்து ஓடுவதில்லை. காயம் பட்ட இடத்துத் தசையில் தங்கி, அங்கிருந்து நரம்புக்குள் புகுந்து, நரம்பு வழியாகவே மெல்ல மூளைக்குப் போகிறது. அதற்குப் பெரும்பாலும் இரண்டு மூன்று மாதம் ஆகும். சிலருக்கு ஒரு வாரத்திலும் நடக்கலாம், சிலருக்கு ஒரு வருடம்கூட ஆகலாம். இந்த இடைவெளியில் உடலை எதிர்ப்புக்குத் தயார் செய்துவிட்டால் பிள்ளை தப்பித்துவிடும். மூளையைத் தொட்டு, தண்ணீரைக் கண்டு தொண்டை இறுக ஆரம்பித்துவிட்டால் எந்த மருத்துவராலும் ஏறக்குறைய ஒன்றும் செய்ய முடியாது. அதனால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

ஆறு நாள் கழித்துப் போட்டு என்ன பயன் என்று தயங்க வேண்டாம். 1885-இல் லூயி பாஸ்டர் முதன்முதலாக ஊசி போட்டுக் காப்பாற்றிய 9 வயதுச் சிறுவனுக்கும் கடிபட்டு இரண்டு நாள் கழித்துத்தான் ஊசி போடப்பட்டது. தாமதமானால் ஆபத்து கூடும் என்பது உண்மை, ஆனால் அதற்காக ஊசியே போடாமல் விடக் கூடாது.

காயம் சின்னதா பெரியதா என்பதைவிடத் தோல் கிழிந்ததா, ரத்தம் வந்ததா என்பதுதான் முக்கியம். கிழியாத தோலை நாய் நக்கினால் கழுவினால் போதும். ரத்தம் வராத லேசான கீறலுக்குத் தடுப்பூசி வேண்டும். பல் பதிந்து ரத்தம் எட்டிப் பார்த்தால், அது ஊசி முனை அளவே இருந்தாலும், தடுப்பூசியோடு இம்யூனோகுளோபுலின் என்ற மருந்தையும் காயத்திலும் அதைச் சுற்றியும் செலுத்த வேண்டும். தடுப்பூசி வேலை செய்யச் சில நாட்கள் ஆகும். அதுவரை கிருமியை அங்கேயே மடக்கி வைப்பது இந்த மருந்துதான். உங்கள் மகன் இந்த மூன்றாவது வகையில் வருகிறான். மருத்துவமனையில் "லேசான கீறல்" என்று சொல்லாதீர்கள். "பல் பட்டு ரத்தம் வந்தது, குட்டிக்கு ஊசி போடவில்லை" என்று அப்படியே சொல்லுங்கள். காய்ந்த காயம்தானே என்று இந்த மருந்தை விட்டுவிட்டால், ஏன் என்று கேளுங்கள்.

குட்டி நாய்க்கு வராது என்பது தவறு. தாயோ வேறொரு நாயோ கடித்திருந்தால் குட்டிக்கும் ரேபிஸ் வரும். சரி, குட்டியைக் கவனித்துப் பார்க்கலாமே என்று கேட்பீர்கள். பார்க்கத்தான் வேண்டும். கடித்த நாளிலிருந்து பத்து நாள் முடிந்தும் அது நன்றாக இருந்தால், கடித்தபோது அதன் எச்சிலில் கிருமி இல்லை என்று அர்த்தம். மீதி ஊசிகள் தேவையா என்பதை மருத்துவர் அப்போது சொல்வார். ஆனால் அதுவரை முதல் ஊசியைத் தள்ளிப்போடக் கூடாது.

துடைத்துவிட்டோம் என்று எழுதியிருக்கிறீர்கள். இனி எப்போதாவது இப்படி நடந்தால், குழாயைத் திறந்துவிட்டு ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவுங்கள். கடிகாரத்தைப் பார்த்துக் கழுவுங்கள், ஏனென்றால் இரண்டு நிமிடத்திலேயே பிள்ளையும் நீங்களும் போதும் என்று நினைப்பீர்கள். இந்தக் கிருமியைச் சுற்றிக் கொழுப்பாலான உறை ஒன்று உண்டு. சோப்பு அதைக் கரைத்துக் கிருமியைச் செயலிழக்கச் செய்துவிடும். பொடி, செடிச்சாறு என்று எதையும் அப்ப வேண்டாம், இறுக்கிக் கட்டவும் வேண்டாம். இன்னொன்று: ரேபிஸால் இறப்பவர்களில் பத்தில் நான்கு பேர் 15 வயதுக்குக் கீழ்ப்பட்டவர்கள். திட்டு விழுமே என்று பிள்ளைகள் கீறலை மறைத்துவிடுகிறார்கள். உங்கள் மகன் வந்து சொன்னால் அதுவே பெரிய விஷயம், அதற்காகக் கடிந்துகொள்ளாதீர்கள்.

அப்புறம் பூனை. அதை யாருக்கும் கொடுக்க வேண்டாம். கர்ப்பிணிகள் கவலைப்படுவது டாக்சோபிளாஸ்மா என்ற ஒட்டுண்ணியைப் பற்றி. பயம் நியாயமானதுதான், கர்ப்பக் காலத்தில் புதிதாகத் தொற்றினால் அது குழந்தையைப் பாதிக்கலாம். ஆனால் பூனையைத் தடவுவதால் அது பெரும்பாலும் வருவதில்லை. பூனை தன் வாழ்நாளில் முதன்முறை தொற்று வாங்கும்போது, ஒன்று முதல் மூன்று வாரம் வரை மட்டும், மலத்தில் அதை வெளியேற்றும். அந்த மலமும் ஒரு நாளாவது கிடந்தால்தான் தொற்றும் நிலைக்கு வரும். எனவே மலத்தட்டைத் தினமும் சுத்தம் செய்தாலே ஆபத்து பெருமளவு குறையும். அந்த வேலையை வீட்டில் வேறு யாராவது பார்க்கட்டும். பூனைக்குப் பச்சை இறைச்சி கொடுக்காதீர்கள், வெளியே வேட்டையாடவும் விடாதீர்கள். உண்மையில் அரைவேக்காட்டு இறைச்சி, கழுவாத காய்கறி, வெறும் கையால் கிளறும் தோட்டமண் ஆகியவற்றால் உங்களுக்குத் தொற்ற வாய்ப்பு அதிகம். முன்பே தொற்று வந்து போயிருக்கிறதா என்பதை ரத்தப் பரிசோதனை காட்டும். அதைப் பற்றி உங்கள் மகப்பேறு மருத்துவரிடம் கேளுங்கள்.

நாய்க்குட்டிக்குப் பத்து நாள் முடிந்ததும் கால்நடை மருத்துவரிடம் ரேபிஸ் ஊசி போடுங்கள். குட்டிகளிடம் உருண்டைப்புழு சகஜம், குழந்தைகளுக்கு எளிதில் ஒட்டும். குடற்புழு மருந்தும் கேளுங்கள். எலிக்காய்ச்சலுக்கும் நாய்களுக்குத் தடுப்பூசி இருக்கிறது. அந்த நோய் சிறுநீர் வழியாகப் பரவும் என்பதால், குட்டியின் சிறுநீரை நீங்கள் துடைக்க வேண்டாம்.

மகனின் ஊசி அட்டையைப் பத்திரமாக வையுங்கள். முழுத் தவணையும் போட்டிருந்தால், மறுபடி எப்போது கடிபட்டாலும் இரண்டு அல்லது அதற்குக் குறைவான ஊசிகளே போதும். காயத்தில் குத்தும் அந்த வலி மிகுந்த மருந்து தேவைப்படாது.